சரிவுக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும்

மலையில் மண் சரிந்து வீடு புதைந்தால், முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது மழை. அது எதிர்வாதம் செய்யாது என்பதால் வழக்கும் அன்றே முடிந்துவிடுகிறது. சரிந்த மேட்டின் அடிவாரத்தை வெட்டியவர் யார், மேலே ஓடிய தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டவர் யார், கீழே குடியிருக்க விட்டவர் யார், ‘இன்றிரவு இங்கே தங்காதீர்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டியவர் யார்? இந்த நான்கு கேள்விகளுக்கு நான்கு அலுவலகங்களின் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. மலையில் நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. சரிவுக்குச் சொந்தக்காரர் இல்லை. பேரிடரின் வேர் அங்கேதான் இருக்கிறது.

16 மாதங்கள், நான்கு மலைகள்

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் உறக்கத்திலேயே மண்ணுக்குள் போயின. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து இறங்கிய பாறையும் சேறும் வீட்டை மூடின. இறந்த 7 பேரில் 5 பேர் குழந்தைகள்.

2025 ஆகஸ்ட் 5 அன்று உத்தராகண்டில் கீர் கங்கை ஓடை வழியே இறங்கிய சேற்று வெள்ளம், பட்டப்பகலில் தராலி கடைவீதியை விழுங்கியது. அந்த நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை என்று மலைநாடு முழுக்க மண் சரிந்தது.

இந்த நான்கும் வேறுவேறு மலைகள்; மண்ணும் மழையும்கூட வேறுவேறு. ஆனால், ஒவ்வொரு முறையும் பிறகு நடந்தவை ஒன்றுபோலவே இருந்தன. மீட்புப் படை வந்தது, இழப்பீடு அறிவிக்கப்பட்டது, குழு அமைக்கப்பட்டது. அடுத்த மழைக்கு முன்னால் என்ன மாறியது என்று கேட்பவர்தான் குறைவு.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது அடுத்த வீட்டுக் கதையும் அல்ல. நீலகிரியின் பந்தலூர் வட்டத்தைத் தாண்டினால் வயநாடு. அங்கே பெய்யும் அதே மேகம்தான் இங்கேயும் பெய்கிறது.

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம்

சமவெளியில் இருப்பவர்களுக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. நீலகிரிக்கு அது இரண்டு முறை வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கத்தை நனைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே மாவட்டம், இரண்டு ஆபத்துக் காலங்கள், இரண்டு ஆபத்துப் பகுதிகள்.

வரலாறும் அப்படியே சொல்கிறது. 1978 நவம்பரில் நூற்றுக்கணக்கில் மண் சரிந்து ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். 1993 நவம்பரில் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே சாலையோடு வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. 2009 நவம்பரில் ஐந்தாறு நாள்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்த நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் பதிவான மழை 82 செ.மீ. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைப்பதே சராசரியாக 140 செ.மீ.தான். பத்தாண்டு கழித்து, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சி 90 செ.மீ.க்கும் மேல் வாங்கி அந்தச் சாதனையையும் முறியடித்தது.

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7% கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒருநாள் இறக்கித்தான் ஆக வேண்டும். 2024 சரிவின்போது வயநாட்டில் பெய்த மழை, புவி வெப்பமாதலால் சுமார் 10% கூடுதல் தீவிரம் பெற்றிருந்ததாக ‘வேர்ல்டு வெதர் ஆட்ரிபியூஷன்’ என்ற பன்னாட்டு அறிவியலாளர் குழு கணித்தது.

10% என்பது காகிதத்தில் சிறிய எண். ஏற்கெனவே குடித்து ஊறிய மண்ணுக்கு அதுவே கடைசிக் குவளை.

மேடு எப்படி இறங்குகிறது?

ஆற்றுமணலில் வீடு கட்டி விளையாடிய எவருக்கும் இது தெரியும். காய்ந்த மணல் நிற்காது; கொஞ்சம் ஈரம் இருந்தால் நிற்கும்; தண்ணீர் கூடினால் கலைந்து ஓடும். நீலகிரியின் பாறை பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கி, பல இடங்களில் பத்துப் பதினைந்து ஆள் ஆழத்துக்குச் செம்மண்ணாகக் கிடக்கிறது. தேயிலைக்கு அது வரம். தொடர்ந்து நாலைந்து நாள் மழை பெய்தால், அந்த மண்ணுக்குள் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே மண்ணைத் தள்ளத் தொடங்குகிறது.

இதில் மனிதர் செய்யும் வேலைகள் மூன்று. முதலாவது, மேட்டின் காலை வெட்டுவது. சாலைக்காகவும் வீட்டு மனைக்காகவும் பொக்லைன் கொண்டு சுவர்போல் செங்குத்தாக வெட்டுகிறோம். 2024 பிப்ரவரியில் உதகை அருகே லவ்டேலில், கட்டுமான இடத்தில் வேலை செய்துகொண்டிருந்த 6 பெண் தொழிலாளர்கள் மண்ணுக்கும் கட்டட இடிபாட்டுக்கும் அடியில் சிக்கி இறந்தார்கள். அது பிப்ரவரி. மழைக்காலமே இல்லை.

இரண்டாவது, மேட்டின் தலையில் பாரம் ஏற்றுவது. கான்கிரீட் கட்டடம், தண்ணீர்த் தொட்டி, தோண்டிய மண்ணைக் கொட்டிய குவியல் எல்லாமே பாரம்தான்.

மூன்றாவதுதான் அதிகம் பேசப்படாதது. தண்ணீருக்கு வழி கேட்காமலே அதன் வழியை மாற்றுவது. சாலையோர வடிகாலில் குப்பை அடைத்திருக்கும். சிறுபாலத்தின் வாய் மண்ணால் மூடியிருக்கும். மேல் வீட்டின் குளியலறைத் தண்ணீர் கீழ் வீட்டின் பின்பக்க மேட்டில் இறங்கும். தடுப்புச் சுவர் கட்டியிருப்பார்கள். தண்ணீர் கசிந்து வெளியேறத் துளை விட்டிருக்க மாட்டார்கள். அந்தச் சுவர் மண்ணைத் தடுக்காது. தண்ணீரைத் தேக்கிவைத்து, ஒருநாள் மண்ணோடு சேர்ந்து தானும் வரும்.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விகளுக்குத் திரும்புவோம். ஒரு மேட்டை எடுத்துக்கொள்வோம். அதை வெட்டியது நெடுஞ்சாலைத் துறை. மேலே நிலம் ஒரு தோட்டத்துக்குச் சொந்தம். தண்ணீர் வருவது பேரூராட்சித் தெருவிலிருந்து. கீழே இருப்பது வருவாய்த் துறையின் புறம்போக்கு. அதில் ஏழெட்டு வீடுகள். நால்வருக்கும் தொடர்பு உண்டு, ஒருவருக்கும் பொறுப்பு இல்லை. விழுந்த மண்ணை அள்ள எல்லாரும் வருவார்கள். விழுமா என்று பார்க்க யாரும் வருவதில்லை.

சாலை மூடினால் யாருக்கு என்ன?

உயிரிழப்புதான் செய்தியாகிறது. அதற்கு வெளியே நடப்பது பல நாள் நீளும் துன்பம்.

குன்னூர் சாலையும் கோத்தகிரி சாலையும் ஒரே நேரத்தில் அடைபட்டால் கேரட்டும் முட்டைக்கோசும் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேராது. பறித்த பச்சைத் தேயிலை அன்றே ஆலைக்குப் போக வேண்டும்; மறுநாள் அதற்கு விலை இல்லை. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு ஒரு வாரச் சாலை அடைப்பு என்பது ஒரு மாத வீட்டுச் செலவு.

சிறப்புச் சிகிச்சைக்குக் கோவைக்கு இறங்க வேண்டிய நோயாளி வழியில் நிற்பார். மின்கம்பம் சாய்ந்தால் கைப்பேசிக் கோபுரமும் ஓய்ந்துவிடும். பள்ளிக்கூடங்கள் முகாம்களாக மாறும். பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகும். நூற்றாண்டு கடந்த மலை ரயில் பெரும்பாலும் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் பாறை விழுந்து நிற்கிறது. ரயில் நின்றால் அதை நம்பிய வழிகாட்டி, ஓட்டுநர், டீக்கடைக்காரர் வருமானமும் நிற்கிறது.

மலையைக் காப்பது என்ற பேச்சு வந்தாலே ‘வளர்ச்சிக்குத் தடை’ என்று ஒரு குரல் எழும். வளர்ச்சி என்று நாம் சொல்வது அந்தச் சாலை வழியாகத்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். சாலையே நிற்காத மலையில் வளர்ச்சி எங்கே நிற்கும்?

குடியிருப்பவர் ஒருவர், உரிமை இன்னொருவருக்கு

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மேல் மலை இறங்கியது. இறந்த 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறுப் பக்கம். மின்சாரம் இல்லை, தொலைத்தொடர்பு இல்லை. இரவில் நடந்தது வெளியுலகுக்குத் தெரிய விடிந்துவிட்டது.

இலங்கையில் 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் ஏன் போகவில்லை? போவதற்கு அவர்களுக்கு நிலம் ஏது? தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களின் பெயரில் அந்த லயத்தின் ஒரு சுவர்கூட இல்லை. டித்வா புயலுக்குப் பிறகும் மலையகத் தமிழர்கள் எழுப்பும் முதல் கோரிக்கை பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணி.

நீலகிரிக்கும் இந்தக் கதைக்கும் நேரடி உறவு உண்டு. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் பலர் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தை நம்பி இங்கே குடியேறினர். இடம் கிடைக்காதவர்கள் கிடைத்த சரிவில் வீடு கட்டினார்கள். கண்டியில் விட்டு வந்த ஆபத்தைக் கோத்தகிரியில் மறுபடி வாடகைக்கு எடுத்ததுபோல ஆகிவிட்டது.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இன்னொரு சிக்கல். 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவுக்குள் வரும் நிலங்களின் உரிமை அரை நூற்றாண்டாக முடிவாகவில்லை. அங்கே குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவர் தடுப்புச் சுவருக்கோ மாற்று வீட்டுக்கோ மனுக் கொடுத்தால், மனு முதல் மேசையிலேயே நின்றுவிடுகிறது.

‘ஆபத்தான இடத்தில் ஏன் இருக்கிறீர்கள்?’ என்ற கேள்வியை மலைவாசிகளிடம் கேட்பவர்கள், பாதுகாப்பான இடம் யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எச்சரிக்கை இருக்கிறது, வீடு வந்து சேரவில்லை

இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2020 முதல் நிலச்சரிவு முன்னறிவிப்பைச் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது. அதற்காக நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகள் டார்ஜிலிங், கலிம்போங், நீலகிரி. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையமும் ‘பூஸ்கலன்’ என்ற கைப்பேசிச் செயலியும் தொடங்கப்பட்டன. நீலகிரி மாவட்ட நிர்வாகமும் மழைக்கு முன்னால் 283 இடங்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டு, மண்டலக் குழுக்களை அமைத்து வருகிறது. இவற்றைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால், வட்டம் முழுமைக்கும் ‘மிதமான வாய்ப்பு’ என்று வரும் அறிவிப்பை வைத்துக்கொண்டு ஒரு தாய் இன்றிரவு பிள்ளைகளை எங்கே படுக்கவைப்பது என்று முடிவுசெய்ய முடியாது. மலையில் ஒரு முகட்டில் 5 செ.மீ. பெய்யும்போது அடுத்த பள்ளத்தாக்கில் 25 செ.மீ. பெய்யும்.

இந்த இடைவெளியை உள்ளூர் அளவீடு நிரப்பும் என்பதற்கு வயநாடே சான்று. கல்பற்றாவில் இயங்கும் ஹியூம் சூழலியல் மையம், விவசாயிகளையும் தன்னார்வலர்களையும் சேர்த்து மாவட்டம் முழுக்கச் சுமார் 200 மழைமானிகளின் கணக்கை நாள்தோறும் எடுத்துவருகிறது. 2024 சரிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் புத்துமலை நிலையத்தில் 572 மி.மீ. மழை பதிவானது. பேரழிவுக்கு முந்தைய நாள் காலையிலேயே அந்த மையம் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் தந்திருந்தது. சில குடும்பங்கள் முன்கூட்டியே வெளியேறித் தப்பின. பலர் போகவில்லை.

அந்தச் சரிவின் இன்னொரு பாடமும் முக்கியமானது. உச்சியில் கிளம்பிய சேறும் பாறையும் ஆற்றின் போக்கில் சுமார் 8 கி.மீ. தூரம் ஓடின. சூரல்மலையில் இருந்தவர்கள் தங்கள் வீட்டுக்குப் பின்னால் மேடு இல்லை என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆபத்து வந்தது ஓடை வழியாக. எங்கே மண் பிளக்கும் என்று மட்டும் காட்டும் வரைபடம் போதாது. பிளந்த மண் எந்த வழியாக, எதுவரை வரும் என்றும் காட்ட வேண்டும்.

வெளியேறச் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முகாமுக்குப் போனால் அன்றைய கூலி போகும். மாட்டை யார் பார்ப்பது? வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் சாமான் இருக்குமா? இரண்டு முறை போய், ஒன்றும் ஆகாமல் திரும்பினால் மூன்றாம் முறை யாரும் போக மாட்டார்கள். எச்சரிக்கை என்பது செல்பேசியில் வரும் செய்தியோடு முடிவதில்லை. அந்த இரவின் கூலியும் கூரையும் கஞ்சியும் சேர்ந்ததுதான் எச்சரிக்கை.

ஹாங்காங்கின் எண் பலகை

1972 ஜூன் 18 அன்று ஹாங்காங்கில் ஒரே நாளில் இரண்டு இடங்களில் மண் சரிந்து 138 பேர் இறந்தனர். நான்காண்டுகள் கழித்து அவற்றுள் ஓர் இடத்தில் மீண்டும் ஒரு சரிவு, மீண்டும் 18 உயிர்கள். அதன் பிறகுதான் அந்த நகரம் விழித்தது. 1977-இல் சரிவுகளுக்கென்றே தனிப் பொறியியல் அலுவலகம் அமைத்தது.

மனிதர் வெட்டிய, கட்டிய சரிவுகள் அங்கே சுமார் 60,000. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு பலகை. அது யாருடைய பொறுப்பு என்பதைப் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். பராமரிக்காத தனியார் உரிமையாளருக்கு அரசு ஆணை அனுப்பும். மழைமானி வலைப்பின்னல் ஓர் அளவைத் தொட்டதும் சரிவு எச்சரிக்கை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கும். மழை குறையவில்லை, மலை மாறவில்லை. சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

ஹாங்காங் பணக்கார நகரம், நமக்கு அது ஆகாது என்று சொல்லலாம். கான்கிரீட் போர்த்துவதற்குப் பணம் வேண்டும்தான். எண் எழுதுவதற்கும், பக்கத்தில் ஒரு பெயர் எழுதுவதற்கும் பெயின்ட் டப்பா போதும். நம்மிடம் இல்லாதது அந்தப் பெயரை எழுதும் துணிச்சல்.

விதிகள் எதைப் பார்க்கின்றன?

நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு விதித்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. ‘ஹாகா’ என்று அலுவலகங்களில் அழைக்கப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990 முதல் இருக்கிறது. பொக்லைன் ஓட்ட முன் அனுமதி வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. அவை எண்ணுவது மாடியையும் வண்டியையும். சரிவின் சாய்வு எவ்வளவு, மண் எவ்வளவு ஆழம், கூரைத் தண்ணீர் எங்கே போகும், கழிவுநீர் எங்கே இறங்கும் என்பவை அனுமதிக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை. விதி சிக்க வைப்பதும் பெரும்பாலும் ஒற்றை அறை கட்டிய கூலித் தொழிலாளியைத்தான். மலையைக் குடைந்து தங்கும் விடுதி எழுப்பியவர் அபராதம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளக் காத்திருக்கலாம், மண் காத்திருக்காது.

மரம் நட்டால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு வார்த்தை. நீலகிரியின் உயர்மலை இயற்கையாகவே சோலைக் காடும் புல்வெளியும் இடையில் சதுப்பும் சேர்ந்த நிலம். அந்தச் சதுப்புதான் மழையை வாங்கி மெல்ல விடும் பஞ்சு. அதை மண் கொட்டி நிரப்பிக் கட்டடம் கட்டிவிட்டு, மேட்டில் ஆயிரம் கன்று நடுவது கணக்கில் வராது. புல்வெளியில் தைல மரமும் சீகை மரமும் நட்டது ஒரு காலத்தின் தவறு. வெட்டிய சரிவில் ஆழ வேர்விட்டு மண்ணைப் பிடிக்கும் வெட்டிவேர் போன்ற புல் வேண்டும்; சதுப்பைச் சதுப்பாகவே விட வேண்டும்.

என்ன செய்யலாம்?

சரிவுப் பதிவேடு: ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட 283 இடங்களிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு சரிவுக்கும் ஓர் எண், ஒரு பலகை. அதில் பொறுப்புத் துறை, பொறுப்பு அலுவலரின் பதவி, தொலைபேசி எண். மே மாதத்தில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை நேரில் ஆய்வு. அறிக்கை தமிழில், ரேஷன் கடைச் சுவரில்.

தண்ணீருக்கு முதலிடம்: இரண்டு மழைக்காலங்களுக்கும் முன்னால் எல்லாச் சிறுபாலங்களும் சாலையோர வடிகால்களும் தூர்வாரப்பட வேண்டும். இதற்கு ஊரக வேலைத் திட்டத் தொழிலாளர்களைப் பயன்படுத்தலாம். கசிவுத் துளையும் பின்புற வடிகாலும் இல்லாத தடுப்புச் சுவருக்கு எந்த ஒப்பந்ததாரருக்கும் பில் தொகை வழங்கக் கூடாது.

ஊருக்கொரு மழைமானி: பள்ளி, தோட்ட அலுவலகம், பஞ்சாயத்து அலுவலகம், படுகர் ஊர்களான ஹட்டிகள் என எல்லா இடத்திலும் எளிய மழைமானி வைக்கலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவரே அளவெடுத்து அனுப்ப முடியும். எத்தனை மி.மீ. தாண்டினால் எந்தத் தெரு காலியாக வேண்டும் என்பதை அறிவியலாளர்களும் ஊர்க்காரர்களும் கோடையிலேயே முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும். அந்த அளவு வந்ததும் சங்கு ஊதும் அதிகாரம் உள்ளூரில் இருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரின் கையெழுத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

வெளியேறும் நாளுக்குக் கூலி: எச்சரிக்கையை ஏற்று முகாமுக்கு வருபவருக்கு அன்றைய கூலியை அரசு தர வேண்டும். கால்நடைகளுக்கும் இடம் வேண்டும். இறந்த பிறகு தரும் இழப்பீட்டோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. முகாமுக்கெனப் பள்ளி அல்லாத சமுதாயக் கூடங்களைத் தயார்ப்படுத்தலாம்.

பட்டாவோடு மாற்றிடம்: மிக ஆபத்தான லயங்களிலும் ஓடைக்கரைகளிலும் வாழ்பவர்களுக்கு, வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், பெண்கள் பெயரில் பட்டாவோடு மாற்று வீடு வேண்டும். வேலையிலிருந்து 20 கி.மீ. தள்ளிக் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு மக்கள் பழைய இடத்துக்கே திரும்புவார்கள். 17-வது பிரிவு நிலச் சிக்கலை முடிக்கும் வரை காத்திராமல், உயிர்ப் பாதுகாப்புப் பணிகளுக்குப் பட்டா கேட்கும் நிபந்தனையைத் தளர்த்தலாம்.

திறந்த அனுமதி: கட்டட அனுமதியோடு சரிவு, மண், தண்ணீர் குறித்த ஒரு பக்க விளக்கம் கட்டாயமாக வேண்டும். அனுமதி பெற்ற ஒவ்வொரு பொக்லைன் வேலையின் விவரமும் அந்த இடத்திலேயே பலகையில் இருக்க வேண்டும். பலகை இல்லாத வேலையைப் பார்க்கும் எவரும் 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணுக்குச் சொல்லலாம் என்று பழக்க வேண்டும்.

சதுப்பும் ஓடையும் எல்லைக்குள்: எஞ்சியிருக்கும் சதுப்பு நிலங்களையும் ஓடைகளின் இரு கரைகளையும் அளந்து, கல் நட்டு, எந்த வரன்முறைத் திட்டத்திலும் சேர்க்க முடியாதவை என அறிவிக்க வேண்டும்.

இவற்றில் புதிய கண்டுபிடிப்பு ஏதுமில்லை. கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைக்கும் இவை பொருந்தும். பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டமும் தேவையில்லை. பழைய கோப்புகளில் ஒரு பெயரை எழுதினால் போதும்.

அடுத்த மழை வரும்போது இப்படி ஒரு காட்சி நடக்கட்டும். கேத்திச் சாலையில் பேருந்துக்கு நிற்கும் ஒரு பெண், எதிர் மேட்டில் புதிதாக ஒரு விரிசலைப் பார்க்கிறார். பலகையில் இருக்கும் எண்ணுக்கு அழைக்கிறார். மறுமுனையில் இருப்பவர், ‘அது எங்கள் துறையில் வராது’ என்று சொல்லாமல், ‘என் சரிவுதான், சொல்லுங்கள்’ என்கிறார். அந்த ஒரு வாக்கியத்தைப் பெற மலைவாசிகள் 1978-இலிருந்து காத்திருக்கிறார்கள்.